மண்ணெண்ணெய் கேனை இறக்கிவிட்டு ஏறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் விடியற்காலை ஐந்து மணிக்கு லாரி ஓட்டும் என் அக்கா மகன் காஷ்மீர் காசிகுண்டிலிருந்து போன் செய்தான். "மாமா, செல்ஃப் அடிச்சா வண்டி புடிக்குது, ஆக்சிலேட்டர் குடுத்தா அமந்துருது. குளுருல டீசல் ஒறஞ்சுபோச்சாட்ட இருக்குது. கேன்ல மண்ணெண்ண இருக்குது, ஊத்தீரட்டுங்களா?" ஊத்தாதே, பொழுது ஏறட்டும் என்றேன். அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

2009 தை மாதத்தில் அதே ஊரில் நானும் நின்றிருக்கிறேன். பனியால் பாதை அடைப்பு, வரிசையில் மூன்று நாள். ஹரியானாவில் டேங்க் விளிம்புவரை டீசல் அடித்திருந்தேன். தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் பாட்டில் ஜம்முவுக்கு முன்பே கல்லாகிவிட்டது. டேங்கில் இருப்பதும் எண்ணெய்தானே என்று புத்திக்கு எட்டவில்லை. காலையில் டீசல் ஃபில்டரைக் கழற்றினால், காகித மடிப்புகளில் உருகி ஆறிய மெழுகுவத்தி மாதிரி வெள்ளையாக அப்பிக் கிடந்தது. டேங்குக்கு அடியில் விறகு மூட்டி இளக்கினோம். அன்று வெடிக்காதது எங்கள் குலசாமி புண்ணியம். அதை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

டீசலில் மெழுகு எப்போதும் கரைந்தேதான் இருக்கிறது. குளிரில் அது திரிந்து ஃபில்டரை அடைக்கிறது. நம் நாட்டுத் தர விதிப்படி, சாதா டீசல் குளிர்காலத்தில் 6 டிகிரி வரை அடைக்காமல் ஓடினால் போதும். கோடைச் சரக்குக்கு 18 டிகிரியே போதும். காஷ்மீரில் டிசம்பர் 21-லிருந்து 40 நாள் 'சில்லைக் கலான்' என்கிற கடுங்குளிர். ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி தாங்கும் டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. ஆனால் கீழேயிருந்து டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறுகிறவனுக்கு அது என்ன பிரயோஜனம்?

மண்ணெண்ணெய் கலந்தால் இளகும், பொய்யில்லை. பழைய வண்டிகள் அதைத் தாங்கின. 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த) வண்டியின் டீசல் பம்புக்கு டீசல்தான் வழவழப்பு. மண்ணெண்ணெயில் அந்தப் பசை கிடையாது. பம்பும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் தேய்ந்து போகும். அந்தச் செலவைக் கடைசியில் டிரைவர் தலையில் கட்டுகிற முதலாளிகளும் இருக்கிறார்கள். பெட்ரோல் ஊற்றுகிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

டீசல் உறையாமல் இருக்க ஊற்றும் அடிட்டிவ் கடையில் கிடைக்கிறது. மலை ஏறுவதற்கு முன், டீசல் தண்ணியாக இருக்கும்போதே கலந்துவிட வேண்டும். உறைந்த பிறகு ஊற்றினால் மெழுகு கரையாது. அதோடு ஒரு ஸ்பேர் ஃபில்டர். ராத்திரி படுக்கும் முன் ஃபில்டருக்கு அடியில் தங்கும் தண்ணியை வடித்துவிட வேண்டும், அது தனியாகப் பனிக்கட்டியாகும். லட்ச ரூபாய் டயருக்குக் கணக்குப் பார்க்காத ஓனர்கள், ஸ்பேர் ஃபில்டர் கேட்டால் மட்டும் "போற வழியில வாங்கிக்கலாம்" என்பார்கள். காசிகுண்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கிறது?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரி புக்கிங் ஆபீஸ்களில் ஐப்பசியிலேயே இதைத் தமிழில் எழுதி ஒட்டினால் நல்லது. வடக்கே முதல் டிரிப் போகும் பையன்களுக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

அக்கா மகனிடம் நல்லவேளையாக ஒரு ஃபில்டர் இருந்தது. வெயில் வந்து டேங்க் இளகியதும் மாற்றி, டீசல் குழாயில் புகுந்த ஏரை எடுத்து, பதினொரு மணிக்குக் கிளம்பிவிட்டான். மண்ணெண்ணெய் கேனை மட்டும் இன்னும் இறக்கவில்லையாம், ஸ்டவ்வுக்கு வேண்டுமாம்.

ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்,
திருச்செங்கோடு வட்டம்