குளோரின் வாசத்தை மட்டும் நம்பாதீர்கள்

நகராட்சி, ஊராட்சிகளில் குடிநீர்ப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். தெருக்குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று முறையிடும்போதெல்லாம் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "குளோரின் போட்டிருக்கிறோம், பயப்படாதீர்கள்." காலரா, டைபாய்டு கிருமிகளுக்கு அந்தப் பதில் பொருந்தும். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணிக்குப் பொருந்தாது. நான்கிலிருந்து ஆறு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே உள்ள அதன் முட்டைக்கூடு, குளோரின் கலந்த நீச்சல்குளத்திலும் பல நாள் உயிரோடு கிடக்கும்.

1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். மிச்சிகன் ஏரி நீரைச் சுத்திகரித்து, குளோரினும் கலந்துதான் அனுப்பினார்கள். நகரின் தென்பகுதி நிலையத்தில் வடிகட்டல் சரியாக நடக்கவில்லை. மார்ச் இறுதியில் கலங்கல் கூடியது. கொதிக்க வைத்துக் குடிக்கும்படி அறிவிப்பு வந்ததோ ஏப்ரல் 7ஆம் தேதி. அதற்குள் நோய் பரவிவிட்டது. ஏறத்தாழ 4,03,000 பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள்.

அத்தனை வசதியுள்ள ஊரிலேயே அப்படி என்றால், நம் ஊர்களை நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது. இங்கே குழாய்கள் சாக்கடையை ஒட்டியே ஓடுகின்றன. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு வால்வை மூடியதும் குழாய் வெறுமையாகிறது. விரிசல் வழியே வெளியிலுள்ள அழுக்கை உள்ளிழுத்துக்கொள்கிறது. வீட்டு மோட்டார்கள் குழாயிலிருந்து நேரடியாக உறிஞ்சும்போதும் இதுவே நடக்கிறது. தொட்டியில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் கொட்டினாலும் இந்த ஒட்டுண்ணியை அது தடுக்காது.

பாதிப்பு பெரும்பாலும் கைக்குழந்தைகளுக்குத்தான். கொல்கத்தா உட்பட ஏழு இடங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், கைக்குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு ரோட்டா வைரஸுக்கு அடுத்த காரணமாக நின்றது இந்த ஒட்டுண்ணிதான். ஏற்கெனவே சத்துக்குறைந்த பிள்ளை இதில் மேலும் தேய்கிறது.

குடிதண்ணீர் வழியே உடம்புக்குள் புகும் நரம்புச் சிலந்தி (கினியா) புழுவை இந்த நாடு ஒழித்தது தடுப்பூசியாலோ மருந்தாலோ அல்ல. தண்ணீரைத் துணியில் வடிகட்டியும் ஆட்கள் நீருக்குள் இறங்கும் படிக்கிணறுகளை இறங்காமல் நீர் எடுக்கும்படி மாற்றியும்தான். 2000இல் அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்தது. ஆகவே முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. வடிகட்டும் மணற்படுகைகளை முறையாகக் கழுவுங்கள். கலங்கல் அளவை நாள்தோறும் எடுத்து அலுவலக வாசலில் எழுதி வையுங்கள். சாக்கடைக்குள் கிடக்கும் குழாய்களை முதலில் மாற்றுங்கள். தண்ணீர் கலங்கிய அன்றே, மாலைக்குள், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, "ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற்றிக் குடியுங்கள்" என்று தெருத்தெருவாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்கும் ஒரு குடும்பத்தின் தாய்