புல்லுக்கு அடியில் வேலை செய்தவர்களுக்கு

அன்புடையீர்,

பழைய ஆலை இருந்த நிலத்தில் அமைந்த ஆற்றங்கரைப் பூங்காவுக்கு வருகிறவர்களின் கண்ணில் படுவது புல்லும் நடைபாதையும்தான். நீங்கள் செய்த வேலையில் பெரும்பகுதி அவற்றுக்குக் கீழே கிடக்கிறது. அதனால் இந்த மடலும் கீழிருந்தே தொடங்குகிறது.

முதல் நன்றி, ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களுக்கு. மின்மாற்றி மேடை, கொதிகலன் சாம்பல் கொட்டிய மூலை, பெயின்ட் கொட்டகை, எந்த வரைபடத்திலும் இல்லாத எண்ணெய்த் தொட்டி என்று, நச்சு தங்கியிருக்கக்கூடியவையாக நீங்கள் நடந்து காட்டிய இடங்களில் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. 20 மீட்டருக்கு ஒன்று எனக் கட்டம் போட்டுச் சோதனைக்கு மண் எடுத்தால் போதாது. இரண்டு குழிகளுக்கு நடுவே ஒரு தொட்டி முழுசாக ஒளிந்துகொள்ளும். ஆற்றுக்குப் போகும் பழைய கழிவுக்குழாய்களையும் நீங்களே அடையாளம் சொன்னீர்கள். அவற்றின் வாயைக் கான்கிரீட்டால் அடைக்காமல் மேலே தோண்டினால், கிளறிய அழுக்கு முதல் மழையிலேயே ஆற்றில் கலந்துவிடும்.

மண் மாதிரி எடுத்தவர்களே, மேல் 15 செ.மீ., அரை மீட்டர், ஒரு மீட்டர் என ஒவ்வோர் ஆழத்துக்கும் தனிப் பை போட்டீர்கள். கலந்து கொடுத்தால் சோதனைச் செலவு குறையும்தான். ஆனால் நல்ல மண்ணோடு சேர்ந்தால் ஈயம் மிகுந்த மண்ணும் தேறிவிடும். அமெரிக்காவில் எரிவாயு ஆலை இருந்த இடத்தில் 1975இல் திறந்த சியாட்டில் கேஸ் ஒர்க்ஸ் பூங்கா, மண்ணில் நச்சு தெரிந்ததால் 1984இல் சில காலம் மூடப்பட்டது. மாதிரி விஷயத்தில் நீங்கள் காட்டிய பிடிவாதத்தை அது நியாயப்படுத்துகிறது.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரையை இறக்கியவர்கள் தூசி பறக்காமல் தகட்டை நனைத்து, திருகைக் கழற்றி, உடைக்காமல் முழுத்தகடாக இறக்கி, இரட்டைப் பாலிதீனில் சுற்றினார்கள். எண்ணெய்த் தொட்டியை வெட்டியவர்கள் காலித் தொட்டியை நம்பவில்லை. எண்ணெய் போனாலும் ஆவி தங்கும். ஒரு பொறி போதும். ஆயிரம் லிட்டர் கொள்ளளவுக்கு ஏறத்தாழ 2 கிலோ உலர்பனி (உறைந்த கரியமில வாயு) போட்டு, உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, வாயுமானி சரி என்று காட்டிய பிறகே வெட்டினீர்கள்.

பொக்லைன் ஓட்டியவர்களுக்கு இரண்டு நன்றி. ஒன்று, ஈர மண்ணில் இறங்க மறுத்ததற்கு. பல ஆண்டுகள் லாரி ஏறி இறுகிய தரையை 60 செ.மீ. ஆழம் கிழிக்க வேண்டும். ஈரத்தில் கிழித்தால் மண் உடையாது, களிமண் பூசினாற்போல வழவழவென்று மூடிக்கொள்ளும், பிறகு தண்ணீர் இறங்காது. இரண்டு, உடைத்த கான்கிரீட்டைப் பாதைக்கு அடியில் மட்டும் 15 செ.மீ. பரப்பியதற்கு. செடிப் பாத்தியில் போட்டிருந்தால் மண்ணின் காரம் ஏறி, இரும்புச் சத்து இருந்தும் வேர் எடுக்க முடியாமல் இளம் இலைகள் வெளுத்திருக்கும்.

கரையில் பிழைக்கு இடமே இல்லை. ஒரு மீட்டர் உயரத்துக்கு மூன்று மீட்டர் நீளும் சரிவு. தாழ்ந்த நீர்மட்டத்துக்கும் கீழே, சரிவின் அடியைத் தாங்கும் கற்கள். அடி அரித்தால் மேலே எவ்வளவு அழகாக நட்டிருந்தாலும் கரை மொத்தமாகச் சரியும். தென்னை நார் விரிப்பின் மேல்விளிம்பை 30 செ.மீ. பள்ளத்தில் புதைத்து, மீட்டருக்கு ஒரு முளை அடித்தீர்கள். ஒட்டுகளில், நீர் வரும் பக்கத்து விரிப்பு அடுத்ததன் மேல் ஏறியிருக்கிறது, ஓடு வேய்வதுபோல. மாற்றிப் போட்டால் முதல் வெள்ளமே உரித்துக்கொண்டு போகும். நார் சில ஆண்டுகளில் மட்கிவிடும். அதற்குள் வேர் பிடிக்க வேண்டும் என்றுதான் வெட்டிவேரை 15 செ.மீ.க்கு ஒன்றாக, ஆற்றுக்கு இணையான வரிசைகளில் நட்டீர்கள்.

நாற்றுப்பண்ணைக்காரர்களுக்கும், முதல் இரண்டு கோடையிலும் குடம் தூக்கியவர்களுக்கும் நன்றி. தினமும் தெளிக்காமல் வாரம் ஒருமுறை வேர்வரை நனையும்படி ஊற்றியதால்தான் மரங்கள் இப்போது தாமாக நிற்கின்றன.

இனிமேல் குழி தோண்டப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அகற்ற முடியாத நச்சு மண்ணின்மேல் ஆரஞ்சு நிற வலை விரித்து, அதன்மேல் 60 செ.மீ. நல்ல மண் போட்டிருக்கிறது. மரம் உள்ள இடங்களில் ஒரு மீட்டருக்கும் மேல். வரைபடம் தோட்டக்காரர் அறைச் சுவரில் இருக்கிறது. மண்வெட்டியில் ஆரஞ்சு தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

நன்றியுடன்,
பூங்கா பராமரிப்புக் குழு