எந்த மூசை என்று சொல்லாமல் புடம் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலோகங்களையும் தாதுக்களையும் சுட்டு நீறாக்கிய சித்த மருந்துகளான பற்பங்கள் பற்றித் தங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரை, "மூசையில் இட்டுப் புடமிடவும்" என்ற ஒரே வரியில் செய்முறையை முடித்துவிட்டது. மூசை என்பது கடுஞ்சூட்டைத் தாங்கும் பாத்திரம்; புடம் என்பது மருந்தை அதில் மூடி வறட்டித் தீயில் சுடுவது. எந்த மூசை? பெங்களூரு நகரத்பேட்டையில் மூசை என்று கேட்டால் கிடைப்பது தங்கம் உருக்கும் கிராஃபைட் மூசை. பற்பத்துக்கு அது ஆகாது. கிராஃபைட் என்பது கரி. சூடேறினால் சுற்றியிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். நகை செய்பவருக்கு அது நல்லது, உலோகம் கருக்காது. பற்பத்திலோ செம்பும் இரும்பும் உலோகத்தன்மையை இழக்க வேண்டும். செம்பு ஆக்சைடைக் கரியோடு சுட்டால் மறுபடி செம்பாகவே திரும்பிவிடும்.

பற்பத்துக்கு மூசையாக வேண்டியவை இரண்டு மண் அகல்கள். விளிம்பைக் கருங்கல்லில் நீர்விட்டுத் தேய்த்துக் கவிழ்த்தால், இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. அரைத்த மருந்தை வில்லை தட்டி, முழுக்க உலர்த்தி அடுக்கி மூடிய பிறகு, சலித்த களிமண்ணில் தோய்த்த பருத்திச் சீலையைச் சுற்ற வேண்டும். ஏழு சீலைமண். ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. ஏழையும் ஒரே மூச்சில் சுற்றினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். தீயில் அது ஆவியாகிச் சீலையைப் பிளக்கும், சாம்பல் உள்ளே புகும்.

லிங்கம் (பாதரசத் தாது), ரசம் (பாதரசம்) சேர்ந்த சரக்கானால் கேடு பெரிது. பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். வறட்டித் தீ அதை எளிதில் தாண்டும். பிளந்த வாய் வழியே வெளியேறும் ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடுக்குமாடி வீட்டு மொட்டை மாடியில் இதைச் செய்து பார்ப்பது அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு நஞ்சூட்டுவதுதான். ரசச் சரக்கு உரிமம் பெற்ற மருந்துச்சாலைக்கு வெளியே வரவே கூடாது.

மூசைக்கு மண் கலக்கும் முறையை முன்னோர் வேலைக்குத் தக்கபடி பிரித்தே வைத்திருந்தார்கள். தாதுவிலிருந்து சத்து (உலோகம்) இறக்கும் வச்சிர மூசைக்கு ரசரத்ன சமுச்சயம் என்ற வடமொழி ரச நூல் சொல்லும் அளவு: களிமண் 3 பங்கு, சணலும் குதிரைச்சாணமும் சேர்ந்து 2, எரித்த உமி முதலியவை 1, இரும்புக் கிட்டம் (இரும்புக் கசடு) அரை. நாரும் சாணமும் எரிந்தபின் விட்டுச்செல்லும் நுண்துளைகள் விரிசல் ஓடாமல் தடுக்கும். இந்த மாநிலத்தின் சித்ரதுர்கா மாவட்டம் கட்டிஹொசஹள்ளியிலும் தமிழ்நாட்டின் மேல்சிறுவளூரிலும் கிடைத்த எஃகு மூசைகளின் மண்ணில் உமி கலந்திருக்கிறது. இரும்பு எஃகாகக் கரி உள்ளே ஏற வேண்டும். சேலம் பக்கம் இரும்போடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் வைத்து மூடினார்கள். ராஜஸ்தான் ஜாவரில் துத்தநாகம் வடித்த மூசைகள் கத்தரிக்காய் வடிவம். ஓர் உலையில் 36 வீதம் வாய் கீழ்நோக்கி நின்றன. 907 டிகிரியில் ஆவியாகும் உலோகத்தைக் காற்றுப் படாமல் கீழே இறக்க அதுவே வழி.

அடுத்த முறை பற்பம் பற்றி வெளியிடும்போது அகல், சீலைமண், வறட்டிக் கணக்கு மூன்றையும் சேர்த்து வெளியிடுங்கள். முடிவில் செய்யும் சோதனையையும் விட்டுவிட வேண்டாம்: பற்பத்தை வெல்லம், குன்றிமணி, தேன், நெய், வெங்காரம் (போராக்ஸ்) ஆகியவற்றோடு மூசையில் இட்டுத் துருத்தி ஊதினால் உலோகம் திரும்பக்கூடாது. உலோகம் ஒரு மணியளவு மின்னினாலும் அந்த மருந்தை யாருக்கும் கொடுக்கக்கூடாது.

சித்த மருந்து செய்வோர் சிலர்,
அல்சூர், பெங்களூரு