கல்லூரி மூடிய நாளில் ஆடிய பையன்கள்: சிறு கல்லூரி அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் சிறு கல்லூரிகளை நடத்தும் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். நான் ஓஹையோவில் குடியிருக்கும் தமிழன். உங்கள் கல்லூரி எதிலும் படித்தவனில்லை, பிள்ளைகளைச் சேர்த்தவனுமில்லை. மே மாதம் பிறந்தால் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கல்லூரி பேஸ்பால் மைதானத்துக்குப் போய் உட்காருகிறவன். அந்த உரிமையில், கல்லூரியை மூடும்போது அணியை மறக்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

கிரிக்கெட்டில் ஊறிய எனக்கு இந்த ஆட்டம் முதலில் பிடிபடவே இல்லை. பிடிக்க வைத்தது ஒரு மழை. தொடரின் நடுவே ஒரு நாக்அவுட் ஆட்டம், ஒன்பதில் நாலாவது இன்னிங்ஸில் வானம் பொத்துக்கொண்டது. இரண்டு அணிப் பையன்களும் ஓடிவந்து தார்ப்பாயை ஒன்றாக இழுத்தார்கள். மழை விட்டதும், பந்து போடும் பிட்சர் நிற்கும் மேட்டை ஒருவன் வாரியால் சமன்செய்ய, எதிரணிக்காரன் காய்ந்த மண் மூட்டையைத் தோளில் சுமந்துவந்து கொட்டினான். அரைமணி நேரத்தில் அதே மேட்டிலிருந்து வாரி பிடித்தவன் போட்ட பந்தை அடிக்க முடியாமல் மண் சுமந்தவன் ஸ்ட்ரைக்அவுட். வேலிக்குப் பின்னால் ஓர் அம்மா, எந்த அணி என்று கேட்காமல் எல்லாருக்கும் ஹாட்டாக் நீட்டிக்கொண்டிருந்தார். நான் சைவம் என்றதும் வெறும் பன்னில் வெங்காயமும் மஸ்டர்டும் வைத்துத் தந்தார். நன்றாகவே இருந்தது.

உங்கள் கல்லூரிகள் பெரும்பாலும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் சங்கமான என்சிஏஏவின் மூன்றாம் பிரிவு. விளையாட்டுக்கென்று அங்கே உதவித்தொகை கிடையாது. சீசனுக்கு 40 ஆட்டம். அதைத் தாண்டித் தேறியவர்களுக்கு ரீஜனல் என்ற வட்டாரச் சுற்று, பிறகு சூப்பர் ரீஜனல் என்ற அடுத்த சுற்று, கடைசியில் எட்டே அணிகள் ஒரே ஊரில் கூடும் தொடர்; பெயர்தான் உலகத் தொடர். அங்கே இறுதிச் சுற்றுக்கு முன் இரண்டு முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டும். கடைசி வருடப் பையன்களில் அநேகம் பேருக்கு அந்தத் தோல்விதான் வாழ்க்கையின் கடைசி ஆட்டம். அதனால் அங்கே யாருக்கும் வீட்டுக்குப் போக மனசு வராது. வீரர்கள் உட்காரும் டக்அவுட்டில் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பியபடி கத்துகிற கத்தலைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

2024ஐ நினைத்துப் பாருங்கள். அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி, 1856இல் தொடங்கியது. மாநில அரசிடம் கேட்ட 3 கோடி டாலர் கடன் கிடைக்கவில்லை. மார்ச் கடைசியில் அறங்காவலர்கள் மூட முடிவெடுத்தார்கள். மூடும் நாள் மே 31. அதே மே 31 அன்று அந்தக் கல்லூரி அணி ஓஹையோவின் ஈஸ்ட்லேக்கில், ஈரி ஏரிக்கரைப் பக்கம், உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தது. சாலிஸ்பரி பல்கலைக்கழக அணியிடம் தோல்வி. மறுநாள், கல்லூரி என்று ஒன்று இல்லாத அணி, ராண்டால்ஃப்-மேக்கன் கல்லூரியை ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ஹோம்ரனால் (நம் சிக்ஸர் மாதிரி) 9-7 என்று சாய்த்தது. அடித்தவன் சுற்றி ஓடிவந்து ஹோம் பிளேட்டைத் தொடுவதற்குள் அணி மொத்தமும் அங்கே குவிந்துவிட்டது. அதற்கடுத்த நாள் விஸ்கான்சின்-வைட்வாட்டர் அணியிடம் 11-10 என்று தோல்வி. ஒரே ஒரு ரன். கதை முடிந்தது.

ஈஸ்ட்லேக் எனக்கு காரில் போகிற தூரம்தான். வேலை என்று சாக்குச் சொல்லிக் கணினியில் பார்த்தேன். அதற்காக இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

கணக்கு எனக்குத் தெரியாததல்ல. மாணவர் எண்ணிக்கை குறைகிறது, கட்டடம் ஒழுகுகிறது. சில கல்லூரிகளை மூடத்தான் வேண்டியிருக்கும். ஆனால் விளையாட்டைச் செலவுப் பட்டியலில் எழுதும்போது, அந்த அணிக்காகவே உங்களிடம் சேர்ந்து கட்டணம் கட்டும் பையனை வரவுப் பட்டியலிலும் எழுதுங்கள். அவன் உதவித்தொகைக்காக வந்தவனில்லை.

மூடியே தீரவேண்டும் என்றால் மூன்று விஷயம் கேட்கிறேன். முதலாவது, சீசன் நடுவில் அறிவிக்காதீர்கள். மூன்றாம் வருடப் பையன் வேறு கல்லூரி தேட அவகாசம் வேண்டும். இரண்டாவது, கடைசி அவுட் விழும்வரை பஸ்ஸுக்கும் ஹோட்டலுக்கும் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள். அலபாமா பையன்களுக்காக ஆதரவாளர்கள் இணையத்தில் திரட்டிய நிதி லட்சம் டாலரைத் தாண்டியது. ஜனங்கள் கொடுத்தார்கள், சந்தோஷம். ஆனால் அது உங்கள் வேலை.

மூன்றாவது, கோப்பைகள். சாமான்களோடு சேர்த்து ஏலம் போட்டுவிடாதீர்கள். ஊர் நூலகத்தில் ஓர் அலமாரி கேட்டு வாங்கி, ஆடியவர்களின் பெயரும் வருடமும் எழுதி வையுங்கள். இருபது வருடம் கழித்து ஒருவன் தன் மகளைக் கூட்டிவந்து கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டுவான். வளாகத்தில் அவனுக்குக் காட்ட வேறெதுவும் மிஞ்சியிருக்காது.

இப்படிக்கு,
மடக்கு நாற்காலிக்காரன்