இம்பாக்ட் பிளேயர் இனியும் வேண்டுமா?

ஆசிரியருக்கு,

ஐபிஎல்லில் 2023இல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதியை எப்போதுதான் எடுப்பார்கள்? பந்து போட்டு முடித்தவரை உட்கார வைத்துவிட்டு மட்டையாளர் ஒருவரை இறக்கலாம் என்றால், இரண்டும் தெரிந்தவருக்கு என்ன வேலை? வாஷிங்டன் சுந்தர், ஷிவம் துபே போன்றவர்களுக்குப் பந்துவீச வாய்ப்பு கிடைப்பதில்லை என்று 2024இல் ரோஹித் சர்மாவே வருத்தப்பட்டார்.

ஞாயிறுதோறும் டென்னிஸ் பந்தில் ஆடும் எங்களுக்கு இந்தச் சொகுசெல்லாம் ஏது? பதினோரு பேர் சேர்வதே பெரும்பாடு. ஒருவருக்கு வீட்டில் விசேஷம், இன்னொருவருக்கு நைட் ஷிஃப்ட். வந்தவர்களே ஓவர் போட்டு, ஸ்கோர் எழுதி, அவுட் ஆனதும் அம்பயராகவும் நிற்க வேண்டும். சொந்த அணிக்காரருக்கே ரன் அவுட் கொடுத்துவிட்டு மாலை வரை முறைப்பு வாங்குவது தனி அனுபவம்.

என் கவலை சிறுவர்களைப் பற்றித்தான். பயிற்சி மையங்களில் எட்டு வயதுப் பையனையே 'இவன் பேட்ஸ்மேன்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வீட்டில் 'இவனுக்குக் கணக்கு வராது' என்று சொல்வதும் இதே ரகம்தான். சரி, விதி 2027 வரை தொடரும் என்று முடிவாகிவிட்டது. அப்புறமாவது கிரிக்கெட் வாரியம் யோசிக்கட்டும்.

- ஒரு வாசகர், சென்னை