கண்டிஷனர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: கழுவி விட்ட பிறகு மக்குமா?

கண்டிஷனர் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு வணக்கம்.

உங்களில் ஒருவருக்கு அண்மையில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தேன். முடியை மென்மையாக்க நீங்கள் சேர்க்கும் பொருள், கழுவி விட்ட பிறகு தண்ணீரில் மக்குமா? “எங்கள் தயாரிப்பு தாவர மூலங்களால் ஆனது, எல்லா விதிகளுக்கும் உட்பட்டது” என்று பதில் வந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவே இல்லை. மக்குமா என்றுதான் கேட்டேன்.

“பிடிக்காவிட்டால் வாங்காதே” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சுருட்டை முடிக்காரர்களுக்கு அது நடக்காது. கண்டிஷனர் போடாத நாளில் சீப்பு பாதி வழியிலேயே சிக்கி நின்றுவிடும், இழுத்தால் முடி அறுந்து கையோடு வரும். அதனால் புட்டியைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கிறோம். பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு என்று இருக்கும். முடியை மென்மையாக்கும் பொருள் அதுதான். அதன் கொழுப்புப் பகுதி கடுகு இனத்து எண்ணெயிலிருந்து வந்திருக்கலாம். முடியில் ஒட்டவைக்கும் நேர்மின்னூட்டப் பகுதி பெரும்பாலும் பெட்ரோலிய வழி வந்தது. இந்த வகைப் பொருட்கள் பலவும் பாசிக்கும் மீனுக்கும் நஞ்சு என்பது உங்களுக்கே தெரியும். சில கண்டிஷனர்களில் சேர்க்கும் கொத்தவரை விதைப் பிசினையே எடுத்துக்கொள்ளுங்கள். அது மக்கும். ஆனால் முடியில் ஒட்டுவதற்காக அதை வேதிமாற்றம் செய்த பிறகும் அதே அளவு மக்குமா? சோதித்தால்தான் தெரியும். அதற்குத்தான் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த ‘301’ சோதனைகள் இருக்கின்றன. நுண்ணுயிர்கள் செலவிடும் ஆக்சிஜனை வைத்து அளந்தால், ‘எளிதில் மக்கும்’ என்று சொல்ல ஒரு பொருள் 28 நாட்களுக்குள் 60% சிதைய வேண்டும். அந்த எண்ணைப் புட்டியில் போடுங்கள் என்கிறோம்.

இப்போது நீங்கள் போடும் “இயற்கை மூலம்” சதவீதம் இதைச் சொல்வதில்லை. கண்டிஷனரில் பெரும்பங்கு தண்ணீர். இயற்கைப் பங்கைக் கணக்கிடும் ஐஎஸ்ஓ 16128 என்ற பன்னாட்டு முறையில் அந்தத் தண்ணீரையும் இயற்கைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மாற்று இல்லை என்றும் சொல்ல முடியாது. துணியை மென்மையாக்கும் திரவங்களில் எளிதில் மக்காத பழைய பொருளை விட்டுவிட்டு, 1990-களின் தொடக்கத்திலேயே ஐரோப்பாவில் எஸ்டர்குவாட் என்ற, எளிதில் மக்கும் மென்மையாக்கிக்கு மாறிவிட்டார்கள். எஸ்டர் பிணைப்பு தண்ணீரில் உடையும், மீதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். துணிக்கு அன்றே செய்ததை முடிக்கு ஏன் இன்னும் தள்ளிப்போடுகிறீர்கள்? எஸ்டர்குவாட் போட்ட கண்டிஷனர்களும் உண்டு. கடுகு இன எண்ணெயும் அமினோ அமிலமும் சேர்த்து உண்டாக்கிய பிராசிசில் ஐசோலூசினேட் எசிலேட் என்ற மென்மையாக்கியும் சந்தையில் இருக்கிறது.

முடிக்கு வழவழப்புத் தரும் டி4, டி5 என்ற சிலிக்கோன்கள் சூழலில் எளிதில் சிதையாதவை; அவற்றிலும் இப்படித்தான் தள்ளிப்போட்டீர்கள். கழுவி விடும் பொருட்களில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் தடுக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் சட்டம் வந்துதான் ஆக வேண்டுமா? புட்டியில் இலைப் படம் அச்சிட மட்டும் யாரும் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லையே!

சரி, கோபம் போகட்டும். பணிவாகவே கேட்கிறேன். நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு மென்மையாக்கிக்கும் அது மக்கும் அளவையும் சோதனையின் பெயரையும் புட்டியில் அச்சிடுங்கள். இன்னும் சோதிக்கவில்லை என்றால், “சோதிக்கவில்லை” என்றாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்