கொம்பை இடம் சேர்த்தவர்களுக்கு நன்றி

தேவகோட்டை, பள்ளத்தூர், காரைக்குடி, ஆத்தங்குடி, பினாங்கு என்று பல பக்கமிருந்தும் கைகொடுத்த உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டு நூல்களைப் பட்டியலிடும் நம் கையேடு தமிழ், ஆங்கிலம், மலாய் மூன்றிலும் அச்சாகி வந்துவிட்டது. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள்தான் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அப்படிப் போய்ச் சேராத புத்தகங்கள் நம் ஊர் வீடுகளின் இரண்டாங்கட்டில் இன்னும் பெட்டிக்குள் கிடக்கின்றன. அவற்றை எடுத்துத் துடைத்துக் கணினியில் பதிய வழி சொல்லும் கையேடு இது. பேரன் பேத்திகள் மலேசியாவில் வளரும் வீடுகளுக்காக மலாய்.

எழுதியவர்களை ஊரே பாராட்டிவிட்டது. எழுதிய கோப்புகளை அச்சுப் பக்கங்களாகக் கம்பைல் செய்வதற்கு முன், அந்த வேலையை நடத்தும் பில்டு அமைப்பைச் சீராக்கியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். அவர்கள் பட்ட பாடு எந்தப் பக்கத்திலும் தெரியாது.

முதலில் தேவகோட்டை அண்ணன். எழுதியதைக் கையேடாக்கும் ஸ்ஃபிங்ஸ் மென்பொருளை நிறுவிவிட்டால் பிடிஎஃப் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பக்கங்களைக் கோத்துப் பிடிஎஃப் ஆக்கும் பிடிஎஃப்லேடெக் என்ற நிரல் தமிழைக் கண்டதுமே பிழை மேல் பிழையாகக் கொட்டியது. அதே வேலையைச் செய்யும் ஸீலேடெக்குக்கு மாற்றினேன், எழுத்து வந்தது, கொம்பு இடம் மாறிவிட்டது. 'செட்டிநாடு' என்ற சொல்லில் ச முன்னால் நிற்க, கொம்பு அதற்குப் பின்னால் கிடந்தது. நம் ஊர்ப் பெயரையே அப்படிப் பார்க்க மனசு கேட்கவில்லை. ராத்திரி பத்து மணிக்குப் போனில் கூப்பிட்டால் அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "எழுத்துரு வரியில ஸ்கிரிப்ட் தமிழ்னு சொன்னியாப்பா?" சொல்லவில்லை. எழுத்துக்கு ஓர் எண் தரும் யுனிகோடில் ச முதலில், கொம்பு அடுத்து என்றுதான் சேமிக்கிறோம். திரையிலும் தாளிலும் அதை முன்னே கொண்டுவந்து வைக்கும் வேலை, எந்த மொழியின் எழுத்து என்று தெரிந்தால்தான் நடக்கும். ஸ்ஃபிங்ஸின் அமைப்புகளை எழுதும் கான்ஃப் கோப்பில் ஒரு சொல் சேர்த்தோம். கொம்பு தன் இடத்துக்கு வந்தது. அண்ணே, அந்த ஒரு சொல்லுக்கு முன் நான் கழித்த நான்கு நாட்களை நீங்கள் மட்டும்தான் அறிவீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கணினியைத் தொட்டதில்லை. சொல்லடைவைத் தாளில் எடுத்துக் கொடுத்தேன். 'பனுவல்' எப்படி 'பயனர்'க்கு முன்னால் வரும் என்று கேட்டார். யுனிகோடில் னகரத்துக்கு நகரத்தை அடுத்த எண், பகரத்துக்கு முன்பே. எண் வரிசையை அப்படியே எடுத்தால் நம் அகரவரிசை கெட்டுப்போகும். னகரம் கடைசி மெய்யல்லவா. ஆச்சி சொன்ன பிறகுதான் வரிசைப்படுத்தும் இடத்தில் தமிழுக்குரிய விதியைக் கொடுத்தோம். கணினி அறிந்த எங்கள் யார் கண்ணிலும் இது படவில்லை.

காரைக்குடிக் கல்லூரிப் பிள்ளைகளே, மூன்று மொழிக்கும் மூன்று தனிக் கோப்புறை அமைத்தவர்கள் நீங்கள். அதற்கு முன் ஒரு மொழியின் பக்கங்கள் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது. மாதிரிப் பதிவுகளின் கட்டத்தில் தமிழ் மட்டும் வெறுமையாக இருந்ததையும் நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அங்கே வரும் ஒரே அகல எழுத்துருவில் தமிழே இல்லை. ஸீலேடெக் அதற்காக நிற்காது, நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடும். அந்த வரி வந்தால் பில்டையே நிறுத்தும் சோதனையை எழுதினீர்கள். அச்சகத்துக்குப் போன பிறகு தெரிந்திருந்தால் தாள் செலவு முழுவதும் வீண்.

பினாங்குத் தங்கச்சி, மலாய்ப் பக்கங்களில் இடையிடையே ஆங்கிலம் எட்டிப் பார்த்ததற்கு உன் மொழிபெயர்ப்பு காரணமில்லை. மூல வரிகளை நாங்கள் திருத்தியபோது மூலமும் மொழிபெயர்ப்பும் சேர்ந்திருக்கும் பிஓ கோப்பில் அவற்றுக்கு, மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லும் 'ஃபஸி' குறி விழுந்துவிட்டது. குறி இருக்கும் வரை அந்த மொழிபெயர்ப்பை ஸ்ஃபிங்ஸ் எடுத்துக்கொள்ளாது. அத்தனையையும் மறுபடி படித்துக் குறிகளை நீக்கித் தந்தாய்.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல்லுப் பட்டறை வைத்திருக்கும் ஐயா, மின்சாரம் போன இரண்டு நாளும் எங்களுக்கு இடமும் இன்வெர்ட்டரும் தந்தார். கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தோம்.

ஆளுக்கொரு பிரதி முகப்பு அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறேன். ஆச்சியின் பிரதியில் 'பயனர்', 'பனுவல்' வரும் பக்கத்துக்கு நூல் கட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
கானாடுகாத்தான் படிப்பறைப் பொறுப்பாளர்